இன்னும் கொஞ்சம் பாவம்

கீழுதட்டை முன்னால் தள்ளி, இடது புருவத்தை மட்டும் தூக்கி, மூஞ்சியக்கா கண்ணாடிக்குள் யாரையோ முறைத்துக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துப் புருவத்தை இறக்குகிறார், உதட்டை அப்படியே விட்டுவைக்கிறார். சண்டைக்கு வந்த முகம் அழப்போகிற முகமாகிவிட்டது. "ம், இதுதான்" என்று முனகிக்கொண்டு, மடியிலிருக்கும் டேப்லெட்டில் பேனாவை ஓட்டுகிறார். உள்ளங்கை அகலமுள்ள அந்தக் கண்ணாடி கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. பக்கத்து மேசைக்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பயந்தவர்கள்தான் அவர்களும்.

டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. ரப்பர் வாசனை படியேறி வந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு முன்பே இடம் பிடித்து உட்கார்ந்துவிடும். எட்டு மேசை, எட்டுத் திரை, ஒரு கெட்டில். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியில் வரும் அந்தக் கார்ட்டூன் குடும்பம் இங்கேதான் பிறக்கிறது: அண்ணன், அண்ணி, இரட்டைப் பிள்ளைகள், வேலை வெட்டியில்லாமல் கூடவே இருக்கும் சித்தப்பா. கைகால் வரைய ஒருவர், சுவரும் ஜன்னலும் வரைய ஒருவர், நடக்க வைக்க இரண்டு பேர் என்று வேலை பிரிந்திருக்கிறது. முகம் மட்டும் நான்கு வருடமாக மூஞ்சியக்காவுடையது. அந்தப் பெயரில் அவருக்கு வருத்தம் ஏதும் இல்லை. வீட்டுக்குப் போன் செய்தால்கூட "நான்தான், மூஞ்சி" என்றுதான் ஆரம்பிப்பார்.

கண்ணாடி கிடைக்காத இடத்திலும் வேலை நிற்காது. ஒருநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தைத் தொங்கப்போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பெண்மணி பொறுத்துப் பார்த்துவிட்டு, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டி, "யாரும்மா போயிட்டாங்க?" என்று கேட்டார். மூஞ்சியக்கா நினைவு கலையாமலே, "சித்தப்பாதாங்க. சனிக்கிழமை மாடிப்படியில விழுறார்" என்று பதில் சொன்னார். அந்தப் பெண்மணி அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். கைக்குட்டை இன்னும் அக்காவிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கலாம் என்று அந்த நேரத்துப் பஸ்ஸில் பலமுறை ஏறிப் பார்த்தும் ஆள் கண்ணில் படவில்லை.

விழுறார் என்றுதான் அக்கா சொல்வார். ஸ்டூடியோவில் மற்ற எல்லோருக்கும் சித்தப்பா 'அவன்'. சித்தப்பா வழுக்குறான், சித்தப்பா அடிவாங்குறான், சித்தப்பா சூப்பைக் கொட்டுறான். அக்கா மட்டும் ஒவ்வொரு முறையும் திருத்துவார். "கீழ விழுந்தாலும் விழுந்தார்னு சொல்லுங்கப்பா. 'றான்'னு சொல்லிட்டு வரைஞ்சா கோடே அலட்சியமா வரும்." இதைக் கேட்டுச் சிரித்தவர்கள், ஒரு மாதம் போனதும் தங்களை அறியாமலே 'றார்' போட ஆரம்பித்துவிட்டார்கள்.

முகங்களைப் பற்றி அவரிடம் வாயைக் கொடுத்தால் டீ ஆறிவிடும். ஒரு கார்ட்டூனைச் செய்தவர்களுக்கு அதில் வருகிற ஆள்மேல் பிரியமா இளக்காரமா என்பதைச் சத்தத்தை நிறுத்தி வைத்துவிட்டுப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் கட்சி. எல்லாரும் பேசுகிறவன் முகத்தையே பார்க்கிறார்கள், கேட்கிறவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பார். "அடுத்தவங்க பேசறதைக் கேக்கும்போது வாயைத் தெறந்து வெச்சா அவர் முட்டாள். அதே வாயை மூடி வெச்சா அவர் யோசிக்கிறார். ஒரே ஒரு கோடுதான். அந்தக் கோட்டைப் போடறதுக்கு என்ன வலிக்குது?" கருவிழியைச் சிறிதாக்குவது, மேல் இமையைப் பாதி இறக்கி வைப்பது, விழுந்தவன் எழுந்திருக்கும் முன்பே அடுத்த காட்சிக்கு ஓடிவிடுவது, இவையெல்லாம் அவருக்குப் பிடிக்காது. விழுந்தவர் ஒருமுறை கண்ணை இமைத்துவிட்டுப் போகட்டும் என்பார். நாம் சிரிப்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது என்பதற்கு அந்த ஒரு இமைப்புதான் சாட்சியாம்.

இதெல்லாம் பிறவி ஞானம் என்று யாராவது நினைத்தால் தவறு. எல்லாம் ஒரு எழுத்துக் குழப்பத்தில் தொடங்கியது.

டைரக்டர்தான் கதையும் எழுதுகிறார். அக்காவைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், நல்லவர், வாயால் சொல்ல வேண்டியதையும் துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டுகிற பழக்கம் உள்ளவர். அதுவும் செந்தமிழில். தொடரின் மூன்றாவது வாரம், சித்தப்பா நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பும் காட்சி. அதன்மேல் ஒரு மஞ்சள் சீட்டு: 'சித்தப்பா முகத்தில் இன்னும் கொஞ்சம் பாவம் வேண்டும்.' அவர் நினைத்தது நாட்டியக்காரர்கள் சொல்கிற பாவம். கண் பிதுங்க வேண்டும், வாய் காதுவரை போக வேண்டும், பார்க்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அக்கா படித்தது, ஐயோ பாவம் என்று நாம் சொல்கிற பாவத்தை. வாயால் சொல்லியிருந்தால் உச்சரிப்பே காட்டிக் கொடுத்திருக்கும். எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப-தானே.

அன்று கண்ணாடியில் எவ்வளவு பிடித்துப் பார்த்தும் பாவம் வரவில்லை. வந்ததெல்லாம் பல்வலிதான். வேலையை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், சமையலறையில் கொழுந்தனார் நின்றுகொண்டிருந்தார்.

கொழுந்தனார் என்பது அக்காவின் கணவருடைய தம்பி. நாற்பது வயது, கல்யாணமாகவில்லை. ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்க்கும் கம்பெனியில் பதினைந்து வருடம் இருந்தார். கம்பெனி மூடியதும் அண்ணன் வீட்டுக்கு வந்தார், வந்தவர் இருந்துவிட்டார். அன்றைக்கும் அவர் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்திருந்தார். தேய்த்த சட்டையைக்கூட மாற்றாமல் ஃபிரிஜ்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில் நின்றார். எதையும் எடுக்கவில்லை. முட்டை இருந்தது, வெண்ணெய் இருந்தது, எல்லாவற்றையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் மூடியிருந்தது. ஒருமுறை இமைத்தார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, "அண்ணி, டீ போடவா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை அக்கா அந்த முகத்தை வரைந்து முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. டைரக்டர் பார்த்துத் தலையில் கைவைத்தார். "அக்கா, நான் சொன்னது எக்ஸ்பிரஷன்." அக்கா சீட்டை எடுத்து நீட்டி, இதில் அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். மாற்றி வரைய நேரமில்லாமல் அப்படியே ஒளிபரப்பாகிவிட்டது. அடுத்த வாரம் டிவிக்காரர்களுக்குக் கடிதம் கடிதமாக வந்தது. சித்தப்பாவுக்கு வேலை கிடைத்ததா என்று விசாரித்தார்கள். எங்கள் பட்டறையில் இடம் இருக்கிறது, அனுப்பி வையுங்கள் என்று ஒருவர் முகவரியோடு எழுதியிருந்தார். அன்றிலிருந்து, அழுகிற இடத்திலும் சிரிக்கிற இடத்திலும் சித்தப்பாவுக்கு அந்த ஃபிரிஜ் வெளிச்சத்து முகம்தான் அடிப்படை. பேட்டிகளில் டைரக்டர் அதைத் தன்னுடைய அணுகுமுறை என்று சொல்லிக்கொள்கிறார், அக்கா மறுப்பதில்லை. சீட்டில் மட்டும் இப்போதெல்லாம் 'முகபாவம்' என்று முழுசாக எழுதுகிறார்.

ஊரெல்லாம் கொண்டாடுகிறது, சரி. ஆனால் அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் வீட்டிலேயே இருக்கிறாரே. சனிக்கிழமை ஏழு மணி ஆனால் அக்காவின் கண் திரையில் நிற்காது. டிவி முன்னால் முதல் ஆளாக உட்காருவது கொழுந்தனார்தான். சித்தப்பா வந்தால் அதிகமாகச் சிரிப்பதும் அவர்தான். "இவரை மாதிரி ஒருத்தர் எங்க கம்பெனியில இருந்தார் அண்ணி" என்பார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அக்காவின் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக், அதிகம் பேசமாட்டார். தம்பியின் முகத்தை அது வந்த வாரமே திரையில் கண்டுபிடித்துவிட்டார். "மாட்டுவ ஒருநாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அக்கா தன்னைத்தானே சமாதானம் செய்து வைத்திருந்தார். நான் அவரைக் கேலிப்பொருளாக வரையவில்லை, மனிதராகத்தானே வரைகிறேன், தெரிந்தாலும் கோபப்பட என்ன இருக்கிறது? நியாயம்தான். ஆனால் அக்காவுக்குப் பேனா மட்டும் இல்லை, வாயும் இருந்தது.

வீட்டில் இருப்பது ஒரே ஒரு படுக்கையறை. அதனால் ஹாலில் உள்ள சோபாதான் கொழுந்தனாருக்கு நாற்காலி, கட்டில், ஆபீஸ் எல்லாம். அதில் நீட்டிப் படுத்துக்கொண்டுதான் பழைய கஸ்டமர்களுக்குப் போன் போடுவார், விண்ணப்பம் நிரப்புவார். அவர் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. வீட்டுத் துணி முழுவதையும் தேய்த்து வைப்பது அவர்தான், தலையணை உறையைக்கூட விடமாட்டார். ஆனாலும் வேலை முடிந்து களைத்து வரும் ஒருத்திக்கு உட்கார இடமில்லாமல் போனால் எரிச்சல் வருமா வராதா? வந்தது. ஒருநாள் பால்கனியில் நின்று தன் தங்கையிடம் போனில் பேசும்போது வாயில் வந்துவிட்டது. "எங்க வீட்டு சோபாவுக்கு ஆறு காலுடி. நாலு கம்பெனி குடுத்தது, ரெண்டு மாமியார் குடுத்தது."

தங்கை அந்தப் பக்கம் மூச்சு முட்டச் சிரித்தாள். நல்ல ஜோக்கைச் சொன்னவர்கள் அதை ஒரு தடவையோடு விடமாட்டார்கள் என்பது உலக வழக்கம். மறுநாள் ஸ்டூடியோவில் டீ நேரத்தில் அக்கா அதை இன்னொரு முறை அவிழ்த்துவிட்டார். எட்டு மேசையும் குலுங்கியது. டைரக்டர் மட்டும் சிரிக்காமல் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். அப்போதே அக்காவுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை.

மூன்று மாதம் கழித்து வந்த கதையில் அந்த வரி இருந்தது. விருந்தாளிகள் நிறைந்த ஹாலில், எல்லோர் முன்னாலும், சோபாவில் படுத்திருக்கும் சித்தப்பாவைக் காட்டி அண்ணி சொல்கிறாள்: எங்க வீட்டு சோபாவுக்கு ஆறு கால். ஒரு எழுத்து மாறவில்லை.

அக்கா டைரக்டரின் மேசைக்குப் போய் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். அது எங்கள் வீட்டுப் பேச்சு, வீட்டில் கேட்பார்கள் என்றார். டைரக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறை. இந்த வாரக் கதையே அந்த வரிக்காகத்தான், டிவிக்காரர்கள் கேட்டுக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள், கொஞ்ச நாளாகச் சிரிப்பு குறைந்துவிட்டதாக வேறு புகார் என்றார். பேச்சு முடிந்து அக்கா தன் இடத்துக்கு வருவதற்குள் காட்சியின்மேல் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. 'சித்தப்பாவின் வாய் திறந்தே இருக்கட்டும். முட்டாளாகவே தெரியட்டும். இங்கே இரண்டு பாவமும் வேண்டாம்.'

இரண்டு நாள் அக்கா அதைத் தொடவில்லை. மற்ற காட்சிகளின் முகங்களை எல்லாம் முடித்தார், பேனா முனையை மாற்றினார், கெட்டிலைக் கழுவினார். சனிக்கிழமை சாயங்காலம் ஹாலில் என்ன நடக்கும் என்பது மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த வீட்டில் கொழுந்தனாருக்கு வேறு இடம் கிடையாது என்பதுதான் ஜோக்கில் வராமல் போன சங்கதி. வந்தால் சிரிப்பு வராது. அந்த மனுஷர் தன் முகத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கலாம், இவ்வளவு நாள் இருந்திருக்கிறார். தான் படுத்திருக்கிற சோபாவைத் தெரியாமலா போகும்? வெட்கமாக இருந்தது அக்காவுக்கு. சொன்னதற்காக ஒரு பங்கு, சொன்னபோது இனித்ததற்காக இரண்டு பங்கு.

மூன்றாம் நாள் சீட்டை மறுபடி படித்தபோதுதான் பட்டது. சித்தப்பாவின் முகத்துக்குத்தான் உத்தரவு வந்திருக்கிறது. அண்ணியின் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அக்கா கண்ணாடியைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, அந்த வரியைத் தானே சொன்னார். சொல்லி முடித்த முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தார். முதலில் ஜெயித்த சந்தோஷம் இருந்தது. விருந்தாளிகள் சிரிக்கிற அளவுக்கு நேரம் விட்டு மறுபடி பார்த்தார். உதட்டோரச் சிரிப்பு அங்கேயே நின்றது, கண் மட்டும் கீழே போயிருந்தது. நான்கு வருடத்தில் எத்தனையோ முகங்களை அந்தக் கண்ணாடியில் பிடித்திருக்கிறார், இவ்வளவு பிடிக்காத ஒன்றை அன்றுதான் பார்த்தார். அதை அப்படியே வரைந்தார். சீட்டில் சொன்னபடி சித்தப்பாவின் வாயைத் திறந்தே வைத்தார். அதற்குப் பக்கத்தில், சிரிப்பு அடங்கிய பிறகு, இரண்டு நொடி அண்ணி.

டைரக்டர் நான்கு தடவை ஓட்டிப் பார்த்தார். கடைசியில் சிரிப்பு செத்துப்போகுமே என்று கேட்டார். "சிரிப்பாங்க சார். நல்லா சிரிப்பாங்க" என்றார் அக்கா. "சிரிச்சிட்டு ரெண்டு நொடி சும்மா இருக்கட்டுமே." டைரக்டர் சீட்டு எழுதப் பேனாவை எடுத்தார், எழுதாமலே மூடி போட்டார்.

சனிக்கிழமை வந்தது. அக்காவின் கணவர் நாற்காலியில், கொழுந்தனார் வழக்கம்போல் சோபாவில் நீட்டிப் படுத்தபடி. அக்கா உட்காரவில்லை. சமையலறை வாசலில் நின்று, எப்போதோ காய்ந்துவிட்ட ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். டிவியைக் கெடுத்துவிடலாமா, கரண்ட் போகுமா என்றெல்லாம் நினைத்துப் பார்த்தார். தொடர் ஆரம்பித்தது. விருந்தாளிகள் வந்தார்கள், இரட்டைப் பிள்ளைகள் கேக்கைக் கவிழ்த்தார்கள், கொழுந்தனார் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு அண்ணி சோபாவின் பக்கம் கையை நீட்டினாள்.

"எங்க வீட்டு சோபாவுக்கு ஆறு கால்" என்றாள் டிவி அண்ணி.

"நாலு கம்பெனி குடுத்தது" என்றார் கொழுந்தனார், திரையைப் பார்த்தபடியே. "ரெண்டு மாமியார் குடுத்தது."

அவர் சொன்ன பிறகுதான் டிவி அதைச் சொன்னது. விருந்தாளிகள் சிரித்தார்கள். அக்காவின் கணவர் சுவரைப் பார்த்தார். அக்காவின் கையில் தட்டு அப்படியே நின்றது. பால்கனிக் கதவு அன்று சாத்தியிருந்ததா திறந்திருந்ததா என்று இத்தனை மாதத்தில் ஒருமுறைகூடத் தான் யோசிக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

திரையில் சிரிப்பு அடங்கியது. அண்ணியின் முகம் வந்தது, ஒரு நொடி, இரண்டு நொடி. கொழுந்தனார் சிரிக்காமல் அதையே பார்த்தார். விளம்பரம் வந்ததும் தலையைத் திருப்பினார்.

"அன்னைக்கு போனை வெச்சிட்டு உள்ள வந்தீங்களே அண்ணி, அப்பவும் இதே மூஞ்சிதான். நான் துணி தேய்ச்சிட்டிருந்தேன், நீங்க என்னைப் பாக்கல" என்றார். "அதான் எனக்குக் கோபமே வரல."

அக்காவின் மூஞ்சி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. அன்று பேசியது தப்பு என்று சொல்ல வாயெடுத்தார், அதற்குள் விளம்பரம் முடிந்து பாட்டு கேட்டது.

கொழுந்தனார் எழுந்து உட்கார்ந்தார். நீட்டியிருந்த இரண்டு காலையும் மடக்கித் தரையில் வைத்துக்கொண்டு, சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்தார்.